கொசப்பேட்டை மொட்டைமாடி டியூஷன்: எட்டு மாதம் அனுப்பிப் பார்த்ததில்

வேலூர் சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை வந்தால் குறைதீர் நாளுக்கு மனு எழுத ஆட்கள் வரிசை கட்டுவார்கள். "எம் மவன் என்னக் கவனிக்கவே மாட்டன்றான்பா, வூட்ட எய்தி வாங்கினு தொரத்திட்டான்" என்று ஒரு ஆயா சொல்லும். நான் "மேற்படி எனது மகன் என்னைப் பராமரிக்க மறுப்பதுடன்" என்று தட்டிக்கொண்டே போவேன். முடித்துப் படித்துக் காட்டினால் ஆயா முழிக்கும். "நான் சொன்னது அதுல கீதா?" என்று ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் கைநாட்டு வைக்கும். இருபது வருஷமாக இதுதான் பிழைப்பு. இதே கூத்து என் வீட்டுக்குள்ளேயும் நடக்கிறது என்று எனக்கு உறைக்கவில்லை.

மகள் நாலாவது படிக்கிறாள். தமிழ் மீடியம். கணக்கில் போன வருஷம் 31 மார்க். பதறிப்போய் முதலில் ஒரு பெரிய டியூஷன் சென்டருக்குத்தான் கூட்டிப்போனேன். பெயர் வேண்டாம். ஏசி, டேப்லெட், மாதம் 2,500 ரூபாய். சேர்க்கைப் படிவத்தில் அப்பா என்ன படித்தார், அம்மா என்ன படித்தார், வீட்டில் ஆங்கிலம் பேசுவீர்களா என்று கேட்டிருந்தார்கள். நான் பிளஸ் டூ, மனைவி எட்டாவது. பாப்பாவிடம் அரை மணி நேரம் ஒரு டெஸ்ட் வைத்தார்கள். வெளியே வந்த பெண், "ஸ்லோ லேர்னர் பேட்ச்ல போட்டுடலாம் சார்" என்றது. எங்கள் குழந்தை அந்தப் பெண்ணிடம் வாயே திறக்கவில்லையாம். இரண்டு மாதம் அனுப்பினேன். டேப்லெட்டில் கலர் கலராகப் பலூன் உடைந்ததுதான் மிச்சம்.

அப்புறம் கடைக்கு வரும் ஒருவர் சொல்லித்தான் கொசப்பேட்டைக்குப் போனேன். ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளி டீச்சர், அவருடைய தங்கை மகள், மொட்டைமாடியில் ஒரு தகரக் கொட்டகை, நாலு பாய், ஒரு கரும்பலகை. மாதம் 400 ரூபாய். சாயந்திரம் ஐந்தரை முதல் ஏழரை வரை. பிள்ளைகள் பதினாறு பேர்.

டீச்சர் டெஸ்ட் எதுவும் வைக்கவில்லை. பாயில் உட்கார்ந்து, ஒரு தட்டில் பொரியும் பொட்டுக்கடலையும் வைத்துக்கொண்டு, "மார்க்கெட்டுக்கு அப்பாகூடப் போவியா?" என்று ஆரம்பித்தார். பாப்பா நேதாஜி மார்க்கெட்டை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டாள். பிறகு அவளுடைய பரீட்சைத் தாளை எடுத்து ஒரு கணக்கை எனக்குக் காட்டினார்.

"ஒரு கூடையில் 48 மாம்பழங்கள் இருந்தன. அவற்றுள் 19 அழுகிவிட்டன எனில், எஞ்சியவை எத்தனை?"

என் மகள் எழுதியிருந்தது 67. ஏன் கூட்டினாய் என்று டீச்சர் கேட்டதற்கு, "இன்னா பண்ணணும்னு தெரில. அதான் கூட்டிட்டேன்." டீச்சர் தாளை மூடிவிட்டு, "நாப்பத்தெட்டு மாம்பயம் வாங்கியாந்தோம். பத்தொம்போது அழுவிப்போச்சி. மிச்சம் எவ்ளோ கீது?" என்றார். பாப்பா விரலைக்கூட மடக்கவில்லை. "இருவத்தொம்போது."

"கணக்கு வராத குழந்தை இல்ல சார் இது. 'எனில்' வராத குழந்தை" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நானே ஒரு நாளைக்கு ஐம்பது 'எனில்' டைப் செய்கிறவன்.

அங்கே பலகையில் நடுவே ஒரு கோடு. இடது பக்கம் வீட்டுச் சொல், வலது பக்கம் புத்தகச் சொல். குந்து, உட்கார். இட்டுக்கினு போ, அழைத்துச் செல். மிச்சம், எஞ்சியது. பயம், பழம். இடது பக்கத்தைப் பிள்ளைகள்தான் சொல்லவேண்டும். அதில் எதையும் டீச்சர் தப்பு என்று அடிப்பதில்லை. 'இட்டுக்கினு'வுக்குள்ளே 'இட்டுக்கொண்டு' ஒளிந்திருக்கிறது, 'குந்து' ஒன்றும் கெட்ட வார்த்தை இல்லை என்று விளக்குகிறார். என் மகள் பள்ளி நோட்டில் 'குந்தினான்' என்று எழுதியதற்குச் சிவப்பு மையில் வட்டமும் பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறியும் இருந்தது. அந்த ஆச்சரியக்குறிக்குப் பிறகுதான் அவள் வகுப்பில் கை தூக்குவதை விட்டாள் என்று பிற்பாடு தெரிந்தது.

கஸ்பா பக்கமிருந்து உருது பேசும் பிள்ளைகள் நாலு பேர் வருகிறார்கள். அவர்களுக்காகப் பலகையில் மூன்றாவது கட்டம் உண்டு. 2006இல் தமிழ் கற்றல் சட்டம் வந்து, அந்தக் கல்வியாண்டிலிருந்து ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாகத் தமிழ் கட்டாயப் பாடமானது. இந்தப் பிள்ளைகளுக்கு நம் தெருத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. எழுத்துத் தமிழ்தான் மூன்றாவது மொழி மாதிரி. அவர்கள் 'பானி' என்று சொல்ல, டீச்சர் அதையும் தமிழ் எழுத்திலேயே எழுதிப் பக்கத்தில் 'தண்ணீர்', 'நீர்' என்று போடுகிறார்.

பீடி சுற்றும் வீட்டுப் பையன் ஒருவன். இருபத்தைந்தாம் வாய்ப்பாடு சொல் என்றால் எழுபத்தைந்தோடு நின்றுவிடுவான். "அம்மா ஆயிரம் சுத்தினா எத்தன கட்டு?" என்றால் "நாப்பது" என்று பட்டென்று வரும். கட்டுக்கு 25. இவனுக்குப் பள்ளியில் 'கடற்கரையில் ஒரு நாள்' கட்டுரை கொடுத்திருந்தார்கள். இவன் கடலையே பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததை அப்பா தோள்மேல் உட்கார்ந்து பார்த்ததுதான். டீச்சர் அதையே எழுதச் சொன்னார். ஒன்றரைப் பக்கம் எழுதினான். பள்ளியில் எத்தனை மார்க் போட்டார்கள் என்று கேட்காதீர்கள்.

எங்கள் கடையில் பி.எட்., எம்.எட். பிள்ளைகளின் ஆய்வேடுகள் நிறைய டைப் ஆகும். பேசில் பெர்ன்ஸ்டைன் என்ற லண்டன் பேராசிரியரின் பெயரை நூறு தடவையாவது தட்டியிருப்பேன், என்ன சொல்கிறார் என்று பார்த்ததில்லை. இப்போது பார்த்தேன். குழந்தைகளிடம் நாலு படம் கொடுத்துக் கதை சொல்லச் சொல்கிறார்கள். பையன்கள் பந்து விளையாடுகிறார்கள், ஜன்னல் உடைகிறது, ஒருவர் திட்டுகிறார். வசதியான வீட்டுக் குழந்தை "மூன்று பையன்கள் பந்து விளையாடினார்கள், ஒருவன் உதைத்தான்" என்று தொடங்குகிறது. தொழிலாளி வீட்டுக் குழந்தை "அவன் உதைக்கிறான், அது அங்கே போய் உடைச்சிடுது" என்கிறது. படம் எதிரில் இருக்கும்போது யார், எது என்று எதற்குச் சொல்லவேண்டும்? பள்ளிக்கு ஆனால் முதல் வகைப் பேச்சுதான் வேண்டும். அதை வீட்டிலேயே பழகிய பிள்ளை பாதித் தூரம் போய் நிற்கிறது. இதை ஏழைப் பிள்ளைகளின் குறை என்று பலர் எடுத்துக்கொள்ள, தான் அப்படிச் சொல்லவில்லை என்று அவர் பல முறை மறுத்திருக்கிறார்.

இன்னொருவர் வில்லியம் லபோவ் என்ற அமெரிக்க மொழியியலாளர். நியூயார்க்கின் ஹார்லெமில் எட்டு வயதுக் கறுப்பினப் பையன் ஒருவன் கேள்வி கேட்டால் ஒற்றை வார்த்தையில் நிறுத்திக்கொள்கிறான். பேட்டி எடுப்பவர் அடுத்த முறை ஒரு சிப்ஸ் பாக்கெட்டையும் பையனின் கூட்டாளியையும் கொண்டுவந்து, தரையில் உட்கார்ந்து பேச, அதே பையன் போட்டி போட்டுக்கொண்டு பேசுகிறான். 1969 வாக்கில் வந்த ஆராய்ச்சி. எங்கள் டீச்சருக்கு லபோவும் தெரியாது, கிபோவும் தெரியாது. பொரித் தட்டு தெரியும்.

தங்கை மகள் கொரோனாவுக்குப் பிறகு 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் (பிள்ளைகளின் வீட்டுப் பக்கத்திலேயே பாடம் சொல்லித்தரும் அரசுத் திட்டம்) மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தன்னார்வலராக இருந்தவர். அரசுத் தொடக்கப்பள்ளிகளின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் வருகிற அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைப் பிரிப்பைத்தான் இங்கேயும் வைத்திருக்கிறார். நாலாவது படிக்கிற பிள்ளை வாசிப்பில் அரும்பில் உட்கார்ந்து, கணக்கில் மலரில் இருக்கலாம். யாரும் கேலி செய்வதில்லை, ஏனென்றால் எல்லோரும் ஏதோ ஒன்றில் அரும்பு.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் சுமார்தான். அதற்காகச் சேர்ப்பதாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். சித்திரை வெயிலில் அந்தத் தகரத்துக்கடியில் பிள்ளை வெந்துவிடும். வேலூர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை, ஒரே ஒரு டேபிள் ஃபேன். பாத்ரூம் போக ஒரு மாடி இறங்கிச் சாவி வாங்கவேண்டும். ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி போன டீச்சர் மூன்று நாள் சொல்லாமல் பூட்டிவிட்டார். போன் எடுக்கமாட்டார். ரசீது கிடையாது.

இன்னொன்று, மாதக் கடைசி சனிக்கிழமை பெற்றோரும் வரவேண்டும். பிள்ளை பத்து நிமிஷம் அன்றைக்கு நடந்ததைச் சொல்லும், நாம் குறுக்கே பேசாமல் கேட்கவேண்டும். முதல் தடவை மூன்றாவது நிமிஷத்தில் என் போன் அடித்தது. டீச்சர் பார்த்த பார்வையில் அதற்கப்புறம் போனைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.

அரையாண்டில் கணக்கு 58. முதல் ரேங்க் எல்லாம் இல்லை. என் கணக்கில் ஐந்துக்கு நாலு ஸ்டார், வெட்டிய ஒன்று தகரத்துக்கு.

போன வாரம் லீவு நாளில் பாப்பா கடையில் இருந்தாள். ஒருவர் வந்து, "எங்க நெலத்துல கல்லு நட்டுக்கினாங்கண்ணா" என்றார். நான் "எல்லைக்கல் நட்டு ஆக்கிரமிப்பு செய்துள்ளனர்" என்று தட்டினேன். எட்டிப் பார்த்தவள், "அப்பா, இடது பக்கத்தையே காணோம்?" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் அவருக்கு ஒவ்வொரு வரியாக நம் பேச்சில் சொல்லிக்காட்டினேன். இப்போது எல்லோருக்கும் அப்படித்தான், மனுவுக்குப் பத்து நிமிஷம் கூடுதலாகிறது.

சேர்ப்பதாக இருந்தால் ஜூன் முதல் வாரமே போய்விடுங்கள், இருபது பேருக்கு மேல் எடுப்பதில்லை. செருப்பைப் படியில் விடாதீர்கள், கீழ்வீட்டு நாய் ஒற்றைச் செருப்பாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போகிறது.