கல் எடுத்துத் தருகிறோம் என்று 64,000 ரூபாய் போச்சு: செட்டிநாட்டுப் பக்கம் நிலம் திருத்தப் போகிறவர்கள் கவனிக்கவும்

64,000 ரூபாய். முழுசாக 64,000. கோபத்தில் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டிராக்டர், ஜேசிபி எல்லாம் வாடகைக்குப் பிடித்துக் கொடுக்கிற ஒரு செயலி வழியாக வந்த ஆள் செய்த வேலை இது. பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள், அதனால் பெயர் போடவில்லை. ஆள் பிடிக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

கானாடுகாத்தானிலிருந்து உள்ளே தள்ளி எங்களுக்கு நாலு ஏக்கர். மாமனார் காலத்தோடு விவசாயம் நின்று, சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. நம்ம பக்கத்து மண் எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். மேலே ஒரு சாண் செம்மண்ணும் சரளையும், அதற்குக் கீழே செம்புராங்கல். ஈரத்தோடு வெட்டும்போது கொஞ்சம் இளகிக் கொடுக்கும், காற்றும் வெயிலும் பட்டால் இறுகிப்போகும். வீடு கட்டுகிறவனுக்கு அது வரம், கன்று நடுகிறவனுக்கு வம்பு. ஐப்பசி மழைக்கு முன்னால் மாவும் நெல்லியும் வைத்துவிடலாம் என்று கன்றுக்கும் முன்பணம் கொடுத்தாயிற்று.

செயலியில் பதிந்த அன்று சாயங்காலமே ஒருத்தர் பைக்கில் வந்து இறங்கினார். அவர் பேசின விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல். வந்தவுடன் ரேட் பேசவில்லை. எங்கள் கடப்பாரையை வாங்கி அவரே இடம் இடமாகக் குத்திப் பார்த்தார். ணங்கென்று சத்தம் கேட்ட இடத்தில் உட்கார்ந்து, மண்ணைக் கையால் விலக்கிக் கல்லைக் காட்டினார். "ஆச்சி, பொய் சொல்ல விரும்பல. இது சாதா உழவுக்கு அடங்காது. அஞ்சு கொத்துக் கலப்பை போட்டா கொத்துதான் வளையும். உளிக்கலப்பை விட்டு ஒன்றரை அடிக்குக் கீறி, குறுக்கயும் நெடுக்கயும் ஓட்டி, வர்ற கல்லை டிரெய்லர்ல அள்ளி வெளிய போடணும். ஏக்கருக்குப் பதினாறாயிரம் ஆகும். வேற எவனும் கம்மியாச் சொன்னா நம்பாதீங்க" என்றார். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. இந்த மண்ணுக்குச் செய்ய வேண்டிய முறை அதேதான். காபி கொடுத்தால், "வேலை முடிச்சுட்டுக் குடிக்கிறேன் ஆச்சி" என்று மறுத்துவிட்டார். பிறகு யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

டீசலுக்கும் டிரைவருக்கும் என்று முன்பணம் 24,000. செயலிக்காரர்களே ஒரு நம்பர் கொடுத்து, அதற்கு ஜிபே பண்ணச் சொன்னார்கள். வேலை பெரும்பாலும் ராத்திரியில் நடந்தது. பகல் வெயிலில் இன்ஜின் சூடாகும் என்றார்கள். தினமும் வாட்ஸ்அப்பில் வீடியோ வரும். உளிக்கலப்பை மண்ணைக் கீறிக்கொண்டு போகும், பின்னாலேயே பாறாங்கல் பெயர்ந்து புரளும். கடைசி நாள் போய்ப் பார்த்தால் நாலு ஏக்கரும் பொடிமண்ணாகச் சமமாகக் கிடந்தது. ஓரத்தில் ஒரு குவியல் கல்லும் இருந்தது. மீதி 40,000-ஐயும் அந்த நம்பருக்கே அனுப்பினோம்.

குழி எடுக்க ஆள் வந்த அன்று தெரிந்தது. மாவுக்கு மூன்றடிக்கு மூன்றடி, ஆழமும் மூன்றடி. அரை அடிகூட இறங்கவில்லை, ணங். பக்கத்தில் வைத்தால் அங்கேயும் ணங். வெட்ட வந்த பெரியவர் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, "கல்லை எங்க ஆச்சி எடுத்தாங்க? போர்வை போத்தி விட்டுப் போயிருக்காங்க" என்றார். நடந்தது இதுதான்: உளிக்கலப்பை எங்கள் நிலத்தில் இறங்கவே இல்லை. பிளேடு வைத்து முள்ளைத் தள்ளி, மேட்டு மண்ணை எடுத்துக் கல்லின் மேல் பரப்பி, மேலே மண்ணைப் பொடியாக்கும் ரோட்டாவேட்டரை ஓட்டியிருக்கிறார்கள். ரோட்டாவேட்டர் நாலைந்து அங்குலத்துக்குக் கீழே போகாது, ஆனால் பார்க்க அழகாக இருக்கும். அடுத்து பெய்த ஒரு சிறு மழைக்கே அந்தப் பொடிமண் பொறுக்குத் தட்டி, தண்ணீர் உள்ளே போகாமல் மேலேயே நின்றது. கரைந்த இடத்திலெல்லாம் கல் தலையை நீட்டுகிறது. முள்வேரும் அப்படியேதான் இருக்கிறது, தளிர் விட ஆரம்பித்துவிட்டது.

அந்த வீடியோக்களைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பின்னால் வரிசையாகப் பனைமரம். எங்கள் நிலத்திலும் சுற்றுவட்டத்திலும் ஒரு பனைகூடக் கிடையாது!

பைக்கில் வந்த அந்த ஆளுக்குப் போன் போட்டால், "மழை பெஞ்சா பூமி கல்லை மேல தள்ளும் ஆச்சி, அது இயற்கை" என்கிறார். சரி, ஒத்துக்கொண்டபடி அந்தக் கல்லை அள்ளி வெளியே போடுங்கள் என்றால், "கனிமவளத்துல பர்மிட் இல்லாம கல்லு ஏத்தினா வண்டியப் பிடிச்சுருவாங்க" என்கிறார். எங்கள் நிலத்து ஓரத்தில் போடுவதற்கு எதற்கய்யா பர்மிட்? அப்புறம் டிரைவருக்கு உடம்பு சரியில்லை, வண்டி மானாமதுரையில் நிற்கிறது, கடைசியில் போனே எடுப்பதில்லை. செயலியின் உதவி நம்பரில் ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினார்: "நாங்க இணைப்பு மட்டும்தான் கொடுக்கிறோம் மேடம், பணம் ஓனருக்கு நேரடியாப் போயிருக்கு." அந்த ஜிபே நம்பரைக் கொடுத்ததே நீங்கள்தானே என்றேன். மேலதிகாரியிடம் சொல்வதாகச் சொன்னார். சாயங்காலம் மெசேஜ் வந்தது: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. கீழே ஐந்து நட்சத்திரம், எங்கள் சேவைக்கு மதிப்பெண் போட வேண்டுமாம். 64,000 ரூபாய்க்கு நட்சத்திரம்.

சரி, கவனிக்க வேண்டியது. ராத்திரி வேலைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். மீதிப் பணம் கொடுக்கும் முன் நடு நிலத்தில் நாலைந்து இடத்தில் கடப்பாரை போட்டுப் பாருங்கள், ஓரத்தில் மட்டும் பார்த்தால் போதாது. கல் எடுத்து முடிக்கும் வரை ரோட்டாவேட்டரை நிலத்துக்குள் விடவே கூடாது. ஆழம், கல்லை எங்கே போடுவது, இரண்டையும் எழுதி வாங்குங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையிலேயே டிராக்டர், புல்டோசர் மணிக்கணக்கில் வாடகைக்கு உண்டு, அரசின் உழவன் செயலியில் பதியலாம். நுகர்வோர் உதவி எண் 1915, நான் புகார் பதிந்திருக்கிறேன். இன்னும் எழுத நிறைய இருக்கிறது, நர்சரிக்காரர் கன்றை எப்போது எடுக்கிறீர்கள் என்று விடாமல் கூப்பிடுகிறார்.

நிஜமாகவே உளிக்கலப்பை வைத்திருப்பவர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். பொன்னமராவதி, திருப்பத்தூர் பக்கமாக இருந்தாலும் பரவாயில்லை. பகலில் வர வேண்டும், முன்பணம் கிடையாது.