ரைஃபிள் பேரல் கிளீனிங்: ஆறு வருடத்தில் சால்வென்ட் பற்றித் தெரிந்துகொண்டது

என்னிடம் ஒரு .308 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளும் ஒரு .22 ரைஃபிளும் இருக்கின்றன. டெக்சாஸில் வார இறுதிகளில் ரேஞ்சுக்குப் போய்க் காகித இலக்கைச் சுடுவதோடு சரி, வேட்டை கிடையாது. ஆறு வருடமாக இரண்டையும் நானேதான் கிளீன் செய்கிறேன்.

சால்வென்ட், அதாவது அழுக்கைக் கரைக்கும் திரவம், வாங்கும் முன் பேரலுக்குள் (குண்டு போகும் குழாய்) படிந்திருப்பது என்ன என்று பாருங்கள். வெடிமருந்து எரிந்த கரி வேறு, தோட்டாவின் மேலுறையிலிருந்து ஒட்டும் செம்பு வேறு, ஈயம் வேறு. கரிக்கு நான் இன்னும் ஹாப்பீஸ் நம்பர் 9தான் போடுகிறேன். 1903-லிருந்து விற்கிறார்கள், கரியை நன்றாக இளக்குகிறது, ஆனால் செம்பிடம் ரொம்ப மெதுவு. .22-க்கு நான் வாங்குவது மெழுகு பூசிய ஈயத் தோட்டா, அதற்குச் செம்பு சால்வென்ட் தேவையே இல்லை.

.308-க்கு மட்டும் அம்மோனியா கலந்த செம்பு சால்வென்ட். செம்பைக் கரைத்தால் பேட்ச் துணி நீலமாக வரும், அது நிற்கும் வரை துடைக்க வேண்டும் என்று படித்துவிட்டு, முதல் வருடம் ஒரு சனிக்கிழமை முழுக்கத் துடைத்தேன். நாற்பது பேட்ச் போயும் நீலம் நிற்கவில்லை. பேரல் கெட்டுவிட்டது என்றே நினைத்துவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது, பேரலுக்குள் விடும் கம்பியான ராடின் முனையில் பேட்ச்சைப் பிடிக்கும் ஜாக் பித்தளை, அதிலும் செம்பு இருக்கிறதே, சால்வென்ட் அதைத்தான் கரைத்துக்கொண்டிருந்தது! பிளாஸ்டிக் ஜாக், நைலான் பிரஷ் மாற்றியதும் நாலாவது பேட்ச் வெள்ளையாக வந்தது. இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாமல் எந்த சால்வென்ட்டையும் நல்லது கெட்டது என்று சொல்லாதீர்கள்.

அம்மோனியா வகையை ராத்திரி முழுக்க ஊறவிடக் கூடாது. நான் வாங்கும் பாட்டிலில் 15 நிமிடம்தான் போட்டிருக்கிறது, டைமர் வைத்துக்கொள்கிறேன். பிறகு காய்ந்த பேட்ச், கடைசியில் மெல்லிய எண்ணெய். ஒரு தடவை, பேரலின் பின்பக்கம் செருகும் குழாயான போர் கைடைப் போடாமல் செய்ததில் சால்வென்ட், போல்ட் ஓடும் பகுதியான ஆக்‌ஷன் வழியாக ஒழுகி, வால்நட் கட்டையின் பாலிஷ் ஒரு விரல் நீளத்துக்கு உரிந்துவிட்டது. போர் கைடு ராடை நேராகவும் பிடிக்கும், அதனால் ராடைப் பின்பக்கம், தோட்டா உட்காரும் இடமான சேம்பர் வழியாகவே விடுங்கள், வாய்ப்பக்க விளிம்பில் ராட் உரசித் தேய்ந்தால் குறி தவறும்.

முதல் வேலை, போல்ட்டைக் கழற்றி சேம்பர் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்ப்பது. தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கராஜ் கதவைத் திறந்து வைத்துத்தான் செய்கிறேன், அங்கே வாட்டர் ஹீட்டரின் பைலட் தீ இருப்பதால் அதிலிருந்து தள்ளி, வாசல் பக்கமாக. சால்வென்ட் ஆவி தீப்பிடிக்கக்கூடியது. அம்மோனியாவோடு பிளீச் சேர்ந்தால் விஷ வாயு வரும், அதனால் இரண்டையும் ஒரே அலமாரியில்கூட வைப்பதில்லை. அழுக்கு பேட்ச்களை மூடியுள்ள தகர டப்பாவில் போடுகிறேன். அதில் ஈயமும் இருக்கும், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பிள்ளைகளைத் தொடுவதில்லை.

இன்னொன்று, நன்றாகக் கிளீன் செய்த பேரலில் முதல் குண்டு என் ரைஃபிளில் எப்போதும் சற்று மேலே போகிறது. ஸ்கோப்பைத் திருகாமல் மூன்று குண்டு சுட்டுவிட்டு அப்புறம் இலக்கைப் பார்க்கிறேன்.