ஊர்ப் பால் சொசைட்டி எப்படி? ஒரு வாரச் சீட்டை வைத்து ஓர் அலசல்

சொசைட்டியில் பால் ஊற்றினால் அளவும் தரமும் விலையும் எழுதிய சீட்டு ஒன்று தருவார்கள். காலை ஒன்று, சாயங்காலம் ஒன்று என வாரத்துக்கு 14 சீட்டு. உங்கள் ஊர் சொசைட்டி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க அந்தச் சீட்டுகளே போதும். ஒரு வேளைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு செயலாளரிடம் சண்டைக்குப் போவதில் பயனில்லை. ஒரு வாரத்துச் சீட்டைச் சேர்த்துப் பார்த்தால்தான் கோளாறு மாட்டிலா, தீனியிலா, மெஷினிலா என்பது பிடிபடும்.

முதலில் அளவு. எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகு இதில் புகார் குறைந்திருக்கிறது, நல்ல முன்னேற்றம். தராசு காட்டுவது கிலோ, பணம் லிட்டருக்கு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய 1.03 கிலோ. 10 கிலோவுக்கு 9.7 லிட்டர் என்று விழுந்தால் அது சரியான கணக்கு. அதற்கும் கீழே எழுதினால் கேளுங்கள்.

விலையைத் தீர்மானிப்பது கொழுப்பும் இதரச் சத்தும் (பாலில் தண்ணீரும் கொழுப்பும் போக மீதியுள்ள சத்து). பாலின் தரத்தைத் தானாகச் சோதிக்கும் மெஷின் இல்லாத சொசைட்டியில், லாக்டோமீட்டர் (பாலின் அடர்த்தியைக் காட்டும் மிதவைக் கருவி) காட்டும் டிகிரியை வைத்து இதரச் சத்தைக் கணக்கிடுகிறார்கள். டிகிரியை 4-ஆல் வகுத்து, கொழுப்பில் கால் பங்கைக் கூட்டி, அதோடு 0.44 சேர்ப்பது பரவலாக உள்ள முறை (கடைசி எண் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும்). டிகிரி 28, கொழுப்பு 4 என்றால் இதரச் சத்து 8.44. ஒரு டிகிரி குறைந்தாலே கால் புள்ளி போய்விடும்.

ஏமாற்று எதுவும் இல்லாமலே பணம் கரைவது இந்த இடத்தில்தான். ஐ.எஸ்.ஐ. லாக்டோமீட்டர் 27 டிகிரி செல்சியஸ் சூட்டுக்குக் குறிக்கப்பட்டது. கறந்த சூட்டோடு கொண்டுபோகும் பால் 34 டிகிரியில் இருக்கலாம். கூடுதலான ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் 0.2 சேர்த்து எழுத வேண்டும், அதாவது 1.4. அதைச் சேர்க்காமல் விட்டால் இதரச் சத்தில் 0.35 குறையும். நுரை அடங்காத பாலிலும் லாக்டோமீட்டர் குறைத்தே காட்டும். வெப்பமானி வைத்துப் பார்க்கும் சொசைட்டி என்றால் தாராளமாக நம்பலாம். இல்லாத இடத்தில் வரிசையில் கொஞ்சம் பின்னால் நின்று, நுரை அடங்கிய பிறகு ஊற்றுவது நல்லது.

மெஷின் உள்ள சொசைட்டியில் கவனிக்க வேண்டியது வேறு. ஒரு நிமிடத்துக்குள் முடிவு வந்துவிடும், வசதிதான். தினமும் மருந்து ஊற்றிக் கழுவாவிட்டால் உள்குழாயில் பால்கறை படிந்து எண்கள் நகர ஆரம்பிக்கும். தெருவில் எல்லாருக்கும் ஒரே நாளில் கொழுப்பு இறங்கினால் கோளாறு மெஷினில். உங்கள் ஒருவருக்கு மட்டும் இறங்கினால் தொழுவத்தைப் பாருங்கள்.

மாதிரி எடுக்கும் விதத்தைப் பார்த்தாலே சொசைட்டியின் தரம் தெரிந்துவிடும். கேனில் நின்ற பாலில் ஆடை மேலே மிதக்கும். கலக்காமல் மேலே மொண்டால் கொழுப்பு ஏறும், அடியில் எடுத்தால் இறங்கும். பாலை அளவுப் பாத்திரத்தில் ஊற்றி, கலக்கி, உங்கள் கண்முன் எடுத்தால்தான் அது உங்கள் பாலின் மாதிரி.

சாயங்காலச் சீட்டில் கொழுப்பு கூடியிருந்தால் குழம்ப வேண்டாம். காலை 5 மணிக்கும் மாலை 3 மணிக்கும் கறந்தால் இடைவெளி 10 மணி நேரம்தான், அதனால் பால் குறைந்து கொழுப்பு கூடும். கடைசிச் சொட்டுப் பாலில்தான் கொழுப்பு அதிகம். அதைக் கன்றுக்கு விட்டுவிட்டு முதல் பாலை மட்டும் சொசைட்டிக்குக் கொண்டுபோனால் சீட்டில் அடி விழும். கன்றை முதலில் ஊட்டவிட்டு, பிறகு முழுக்கக் கறந்துவிடுங்கள். இளம் பச்சைப்புல்லும் தீவனமுமாகப் போட்டு வைக்கோலையோ சோளத்தட்டையையோ நிறுத்தினாலும் கொழுப்பு இறங்கும். நார்ச்சத்து இரைப்பையில் நொதித்தால்தான் கொழுப்புக்கான மூலப்பொருள் உருவாகும். கொழுப்பு சரியாக இருந்து இதரச் சத்து மட்டும் நாலைந்து வேளையாகச் சரிந்தால் மடிநோய் தொடங்குகிறதா என்று நான்கு காம்பையும் பாருங்கள்.

தண்ணீர் கலப்பவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு லிட்டருக்கு 100 மில்லி சேர்த்தால் லாக்டோமீட்டரில் 28 டிகிரி 25.5 ஆகிவிடும். கூடிய அளவில் கிடைப்பது, குறைந்த தரத்தில் போய்விடும்.

விலையைப் பொறுத்தவரை, ஆவின் வழியாகப் போகும் பசும்பாலுக்கு 2023 டிசம்பரில் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டு, 35 ரூபாய் 38 ஆனது. எருமைப்பால் 44-லிருந்து 47 ஆனது. தனியார் வண்டி கோடையில் இதைவிடக் கூட்டிக் கொடுக்கும், முன்பணமும் தரும். பால் பெருகும் காலத்தில் அதே வண்டி விலையை இறக்கும், சில நாள் வராமலும் போகும். சொசைட்டியின் பெரிய பலம், ஆண்டு முழுவதும் பாலைத் திருப்பி அனுப்பாமல் வாங்குவது. லாபம் வந்தால் உறுப்பினருக்குப் போனஸும் உண்டு. பட்டுவாடா தள்ளிப்போவதுதான் பெரிய குறை. தவிட்டுக்கும் புண்ணாக்குக்கும் கடைக்காரர் காத்திருக்க மாட்டார்.

இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவருக்குச் சொசைட்டியைத்தான் பரிந்துரைப்போம். டவுனுக்குப் பக்கத்தில் இருந்து, தினமும் வீடு வீடாகப் போக ஆள் இருந்தால், காலைப் பாலை வாடிக்கை வீடுகளுக்கும் சாயங்காலப் பாலைச் சொசைட்டிக்கும் ஊற்றுவது கட்டுப்படியாகும். சாயங்காலம் கொழுப்பு கூடுதல் என்பதால் சீட்டிலும் விலை நன்றாக விழும்.