'பிரிண்டே அப்படித்தான் சார்' என்றால் நம்பாதீர்கள்: நெல்லைப் பக்கம் படம் பார்க்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

"படம் பூரா ஒரே இருட்டுடே. ஹீரோ என்ன பேசுதான்னே வெளங்கல. மியூசிக் மட்டும் காதைக் கிழிக்கி."

ஜங்ஷன் பக்கம் ஒரு தியேட்டரில் ஞாயிறு மாலைக் காட்சி முடிந்து வந்தவர்கள், ஸ்டாண்டில் வண்டி எடுக்கும்போதே சொன்னது இது. வீட்டுக்குப் போய் வாட்ஸ்அப் குரூப்பிலும் அதையே எழுதி, ஐந்துக்கு ஒன்றரை மார்க்கும் போட்டுவிட்டார்கள். அதே படத்தைப் பாளையங்கோட்டையில் இன்னொரு திரையில் பார்த்தவர்களுக்கு இருட்டும் தெரியவில்லை, வசனமும் தெளிவாகக் கேட்டிருக்கிறது. ஒன்றரை மார்க் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது தியேட்டருக்கு. படத்தின் கணக்கில் ஏறிவிட்டது.

இடைவேளையில் நாலு பேர் போய்க் கேட்டதற்கு வாசலில் நின்றவர் சொன்ன பதில்: "பிரிண்டே அப்படித்தான் சார்." இந்த ஒரு வரியில்தான் ஏமாற்று முழுவதும் இருக்கிறது. தியேட்டர் பெயர் இங்கே இல்லை. ஒரு பெயரைப் போட்டால் அந்த ஒன்றை மட்டும் தவிர்ப்பீர்கள். இதே பதில் வேறு வாசலிலும் வரும்.

முதலில் தெரிய வேண்டியது, பிரிண்ட் என்று இப்போது ஒன்று கிடையாது. பிலிம் சுருள் ஓடிய காலத்தில் பெரிய ஊரில் வாரக்கணக்கில் ஓடித் தேய்ந்து, கோடு விழுந்த பிரிண்ட் சிற்றூர்க் கொட்டகைக்கு வரும். அன்றைக்கு அந்தச் சாக்கில் நியாயம் இருந்தது. இன்று வருவது பூட்டுப் போட்ட டிஜிட்டல் கோப்பு. அதைத் திறக்கக் கேடிஎம் என்கிற சாவி தனியாக வரும். அது அந்தத் தியேட்டரில் படத்தை ஓட்டும் கணினியான அந்த ஒரு சர்வருக்கு, குறிப்பிட்ட நாள், நேரத்துக்கு மட்டுமே செல்லும். சென்னையில் ஓடுவதற்கும் இங்கே ஓடுவதற்கும் கோப்பில் வித்தியாசம் இல்லை. கோப்பு பழுதாகியிருந்தால் படம் மங்காது. ஏறாது, இல்லை நடுவில் நின்றுவிடும். (முதல் நாள் காலைக் காட்சி "மெஷின் ரிப்பேர்" என்று தள்ளிப்போனால் பல நேரம் சாவி வந்து சேரவில்லை என்று பொருள்.)

ஆகவே மங்கலுக்குக் காரணம் ப்ரொஜெக்டர் இருக்கும் அறையான கேபினுக்கும் திரைக்கும் நடுவில் இருக்கிறது. இரு பரிமாணப் படத்துக்குத் திரையின் நடுவில் இருக்க வேண்டிய வெளிச்சம் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா; ஆபரேட்டர்கள் இதையே 14 புட்-லாம்பெர்ட் என்பார்கள். இது குறைவதற்கு நாலைந்து வழி உண்டு.

ப்ரொஜெக்டருக்கு வெளிச்சம் தரும் ஸெனான் லேம்பை மாற்றாமல் இழுப்பது முதல் வழி. லேம்ப் எரிய எரிய அதன் முனையிலுள்ள டங்ஸ்டன் ஆவியாகிக் குமிழின் உள்பக்கம் கறுப்பாகப் படியும். வாட் கூடக்கூட ஆயுள் குறையும்: சிறிய 2 கிலோவாட் லேம்ப் 2,000 மணி நேரத்துக்கு மேல் தாங்கலாம், பெரிய லேம்ப் சில நூறு மணி நேரத்திலேயே கெடு முடிந்துவிடும். நாளுக்கு நாலு காட்சி, காட்சிக்கு இரண்டே முக்கால் மணி என்றால் நாளுக்கு 11 மணி, மாதம் 330 மணி. 1,000 மணி நேர லேம்ப் மூன்றே மாதத்தில் தீர்ந்துபோகும். அதை ஆறு மாதம் ஓட்டினால் லாபம் முதலாளிக்கு, இருட்டு நமக்கு. லேம்புக்குப் போகும் கரண்டைக் குறைத்து வைப்பது இன்னொரு வழி. லேம்பும் நாள்படும், மின்கட்டணமும் மிச்சம். ரொம்பக் குறைத்தால் வெளிச்சம் நடுங்கும். ஆகாயம், வெள்ளைச் சுவர் வரும் காட்சிகளில் அந்தத் துடிப்பு கண்ணுக்குத் தெரியும். படம் பார்த்துத் தலைவலி வந்தது என்கிறவர்களில் சிலருக்கு இதுதான் விஷயம். லேசர் ப்ரொஜெக்டர் என்றால் லேம்ப் தொல்லை இல்லை, ஆனால் அதுவும் வருடம் போகப்போக மங்கும், அதையும் குறைத்து வைக்க முடியும். "லேசர்" என்று போர்டு இருப்பதால் மட்டும் வெளிச்சம் வந்துவிடாது.

அதிகம் பேர் கவனிக்காதது முப்பரிமாணக் கருவி. லென்ஸுக்கு முன்னால் நிற்கும் அந்தச் சிறு பலகை போன்ற ஃபில்டர் பாதிக்கு மேல் வெளிச்சத்தைத் தின்றுவிடும். சாதாரணப் படம் ஓடும்போது அதை ஓரம் தள்ள வேண்டும். காலையில் குழந்தைகளுக்கான 3டி படம் ஓட்டிவிட்டு, தள்ளச் சோம்பல்பட்டு மாலைக் காட்சியையும் அப்படியே விட்டால், படத்தில் இரவில் நடக்கும் காட்சிகளெல்லாம் தார் ஊற்றியது போல ஆகிவிடும். அதே தியேட்டரில் அன்றைக்கு 3டி படமும் ஓடுகிறதா என்று டிக்கெட் போடுமுன் பாருங்கள். 3டிக்காகப் போடும் வெள்ளித் திரையில் இன்னொரு சிக்கல்: நடுவில் பளிச்சென்றும் ஓரத்தில் மங்கலாகவும் தெரியும். அந்தத் திரையில் ஓர இருக்கை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். நடு இருக்கை இல்லையென்றால் வேறு காட்சிக்குப் போங்கள்.

மிச்சம் இருப்பது தூசி. கேபின் கண்ணாடியைத் துடைக்க ஒரு துணியும் ஐந்து நிமிடமும் போதும். அதைக்கூடச் செய்யாத இடம் உண்டு.

இதையெல்லாம் இருக்கையில் உட்கார்ந்தபடியே எப்படிக் கண்டுபிடிப்பது? படம் தொடங்குமுன்னும் ஓடும்போதும் அரசாங்கமே மூன்று சோதனைகளை இலவசமாகத் தருகிறது.

ஒன்று, சென்சார் சான்றிதழ். வெளிர் நிறத் தாள் திரை முழுக்க வரும் சில நொடிகள். அந்த நேரத்தில் பாப்கார்னைக் கீழே வைத்துவிட்டு நாலு மூலையையும் பாருங்கள். நடுவுக்கும் மூலைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறதா? தாள் மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரிகிறதா? எழுத்தின் ஓரத்தில் சிவப்புக் கோடும் நீலக் கோடும் பிரிந்து தெரிந்தால், ப்ரொஜெக்டருக்குள் இருக்கும் மூன்று சிப்புகள் ஒன்றோடொன்று சேரவில்லை என்று பொருள். எழுத்து முழுக்கக் கலங்கலாக இருந்தால் ஃபோகஸ் கோளாறு. இது ஆபரேட்டர் அரை நிமிடத்தில் சரிசெய்யக்கூடியது. அப்படியே சான்றிதழில் இருக்கும் ஓட்ட நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பண்டிகை நாளில் ஒரு காட்சி கூடப் போட வேண்டும் என்று பாட்டைத் தாண்டி ஓட்டினால் கணக்கு உதைக்கும். கோப்பை வெட்டத் தியேட்டரால் முடியாது, ஆனால் ஓட்டத்தைத் தாண்டிவிட முடியும். எது எப்போது ஓடியது என்பது சர்வரில் பதிவாகும் என்பதை அவர்களுக்கு நினைவூட்டினாலே பேச்சின் தொனி மாறும்.

இரண்டு, புகையிலை எச்சரிக்கைப் படம். தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பிறகும் கட்டாயம் வரும். அதில் பேசும் குரல் திரையின் நடுவிலிருந்து நேராக வர வேண்டும். 5.1 ஒலியில் இடது, நடு, வலது, இரண்டு சரவுண்ட், ஒரு சப்வூஃபர். வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும்; இசையும் சத்தமும் மற்றவற்றில் பரவும். அந்த நடு ஸ்பீக்கரை ஓட்டும் சென்டர் ஆம்பிளிஃபையர் படுத்துவிட்டால் இசை இடிக்கும், வசனம் எங்கோ பக்கத்து வீட்டில் பேசுவது போல இருக்கும். மேலே சொன்ன ஞாயிற்றுக்கிழமைப் புலம்பலின் லட்சணம் அச்சாக இதுதான். சென்டரில் பெரிய ஸ்பீக்கர் வேலை செய்து, மேலே கூர்மையான ஒலிக்கென்று இருக்கும் ஹார்ன் மட்டும் போயிருந்தால் குரல் பானைக்குள்ளிருந்து வரும். 'ச', 'ஸ', 'ஷ' எல்லாம் மழுங்கிவிடும்.

எல்லாமே சன்னமாகக் கேட்டால் அது வேறு கதை. ஒலி ப்ராசஸரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் 7-இல் இருப்பதுதான் படத்துக்கு ஒலிக் கலவை செய்தபோது வைத்த அளவு. அதை 5-க்கு இறக்கினால் கிட்டத்தட்ட 6.7 டெசிபல் போய்விடும், ஏ.சி. இரைச்சலிலும் பின்வரிசைப் பேச்சிலும் மெல்லிய வசனம் மூழ்கிவிடும். இதில் தியேட்டர்காரர் மேல் மட்டும் பழி போட முடியாது. ட்ரெய்லரும் விளம்பரமும் காதைப் பிளக்கின்றன என்று பார்வையாளர் புகார் சொல்ல, ஆபரேட்டர் இறக்கி வைத்து, படம் தொடங்கியதும் ஏற்ற மறந்துவிடுவார். கேட்டால் ஏற்றிவிடுவார். உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்றால் அதுவும் ப்ராசஸரில் மாற்றக்கூடிய தாமதம்தான்.

மூன்று, புகைபிடிக்கும் காட்சியில் கீழே வரும் எச்சரிக்கை வரி. அது பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தால் படத்தின் அடிப்பகுதி திரைக்கு வெளியே விழுகிறது. படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் இரண்டு வகை: அகலமான ஸ்கோப் படம் 2.39க்கு 1, ஃப்ளாட் படம் 1.85க்கு 1. ஆபரேட்டர் லென்ஸ் அமைப்பை மாற்றாமல் ஓட்டினால் தலை வெட்டுப்படும், இல்லையென்றால் பெயர்ப் பட்டியலின் இரண்டு ஓரமும் காணாமல்போகும். "கேமராமேனுக்கு ஃப்ரேம் வைக்கத் தெரியல" என்று எழுதுமுன் அந்த வரியைப் பாருங்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருவது மட்டும் ஏமாற்று இல்லை. ஃப்ளாட் அளவில் கட்டிய திரையில் ஸ்கோப் படம் அப்படித்தான் அமரும்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே இருட்டாக எடுத்த படமும் உண்டு, முணுமுணுப்பாகப் பேச வைத்த படமும் உண்டு. சந்தேகம் வந்தால், படக்குழு வெளியிட்ட ஒரு காட்சித் துணுக்கை நல்ல இயர்போன் மாட்டி, போன் வெளிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள். அதிலும் முகம் தெரியாமல், பேச்சு விளங்காமல் இருந்தால் ஒன்றரை மார்க்கைத் தாராளமாகப் படத்துக்கே கொடுக்கலாம். ஒலிக் கலவை போனுக்கென்று மாறியிருக்கலாம் என்பதால் இது முழுச் சோதனை இல்லை, ஓரளவுக்கு உதவும்.

ஏ.சி. விஷயம் தனி. இடைவேளை வரை குளிரவைத்துவிட்டு, பிறகு கம்ப்ரஸரை நிறுத்தி ஃபேனை மட்டும் ஓடவிடுவது பழைய தந்திரம். காற்று வருவதால் நின்றது உடனே தெரியாது. அரங்கு புழுங்கும்போது கிளைமாக்ஸ் வந்திருக்கும், யாரும் எழுந்து போக மாட்டார்கள். "ரெண்டாம் பாதி இழுவை" என்று எழுதுகிறவர்களில் எத்தனை பேர் வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தார்களோ! ஏ.சி. கட்டணத்தில் வாங்கிய டிக்கெட் என்றால் இது சேவைக் குறைபாடு. பங்குனி, சித்திரையில் இந்த ஊர் வெயிலுக்கு அதைப் பொறுத்துக்கொள்ள ஒரு காரணமும் இல்லை.

இனி, செய்ய வேண்டியது.

கோளாறு தெரிந்ததும் முதல் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் எழுந்து போங்கள். "படம் சரியில்ல" என்று பொதுவாகச் சொன்னால் அந்தப் பிரிண்ட் பதில்தான் வரும். குறிப்பாகச் சொல்லுங்கள்: "அண்ணாச்சி, சென்டர் பேசல. கேபின்ல பாக்கச் சொல்லுங்க." "3டி ஃபில்டர் முன்னாலயே நிக்கி போல, தள்ளச் சொல்லுங்க." விஷயம் தெரிந்த ஆள் என்று புரிந்ததும் கேபினுக்குப் போன் போகும். சரியாகவில்லை என்றால் இடைவேளைக்கு முன்பே பணத்தையோ வேறு காட்சி டிக்கெட்டையோ கேளுங்கள். முழுப் படத்தையும் பார்த்துவிட்டுக் கேட்டால் உங்கள் பக்கம் வலு குறைவு. ஆன்லைனில் எடுத்தது என்றால் காட்சி ரத்தாகும்போது சேவைக் கட்டணத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

தயவுசெய்து ஆதாரத்துக்கென்று திரையைப் போனில் படம் பிடிக்காதீர்கள். ஒளிப்பதிவுச் சட்டத்தின் 2023 திருத்தப்படி அரங்கில் படத்தைப் பதிவுசெய்வது குற்றம்: குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை, அபராதம் குறைந்தது 3 லட்சம். புகார் சொல்லப் போனவர் குற்றவாளியாக நிற்க வேண்டி வரும். போதாததற்குப் போன் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும். மங்கிய திரையும் அதில் பளிச்சென்று தெரியும், உங்கள் ஆதாரமே அவர்களுக்குச் சாதகமாகும். வைத்துக்கொள்ள வேண்டியது டிக்கெட், பணம் கட்டிய குறுஞ்செய்தி, கூட இருந்த இரண்டு பேரின் கையெழுத்து, எழுதிக் கொடுத்த புகாரின் நகல். டிக்கெட்டில் அச்சான விலையும் கையில் வாங்கிய காசும் ஒன்றா என்பதையும் அப்போதே பாருங்கள். முதல் நாள் கூட்டத்தில் இரண்டும் ஒன்றாக இல்லாமல் போகலாம்.

தியேட்டர் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை, நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு வரை நேரம் உண்டு. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவாகவும் கொடுக்கலாம். சங்கரன்கோவில், கடையநல்லூர்ப் பக்கத்துக்காரர்கள் 2019-க்குப் பிறகு தென்காசி ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

புகார் நீளமாக வேண்டாம். இப்படி நாலு வரி போதும்: "திரை 2, மாலை 6.30 காட்சி, எச் வரிசை, இருக்கை 11, 12. தொடக்கத்திலிருந்தே நடு ஸ்பீக்கரில் ஒலி வரவில்லை. 6.45-க்கு வாசலில் இருந்த ஊழியரிடம் சொன்னோம், சரிசெய்யவில்லை. இடைவேளையில் வெளியேறினோம், இரண்டு டிக்கெட்டுக்கான தொகையைத் திருப்பித் தரவும்."