ஆக்சஸ் ஃபைலை "அப்படியே" ப்ரவுசர்ல ஓட்டித் தர்றோம்னு யாராவது வந்தா அட்வான்ஸ் குடுத்துடாதீங்க

பழைய ஆக்சஸ் (மைக்ரோசாஃப்டோட டேட்டாபேஸ் ப்ரோக்ராம்) ஃபைல்ல கடைக் கணக்கு ஓட்டிட்டு இருக்கவங்க ரெண்டு நிமிஷம் ஒதுக்கிப் படிங்க. எனக்கு 45 ஆயிரம் போச்சு, கூடவே ஆவணி சீசனும் நாறிப் போச்சு.

எங்களுக்கு மேற்கு மாம்பலத்துல பாத்திர வாடகைக் கடை. அண்டா, இட்லிக் கொப்பரை, ஜமக்காளம், சேர், டேபிள். 2009ல இருந்து புக்கிங் எல்லாம் சித்தப்பா எழுதிக் குடுத்த ஆக்சஸ் ஃபைல்லதான், பாக்க அசிங்கமா இருக்கும் ஆனா ஒரு நாளும் காலை வாரினதில்ல. பம்மல்ல ரெண்டாவது கடை போட்டதும்தான் தலைவலி ஆரம்பிச்சுது, அண்ணி அங்க இருந்து ஒவ்வொரு பார்ட்டிக்கும் எனக்குப் போன் போட்டு "எட்டாம் தேதி பெரிய அண்டா இருக்கா"ன்னு கேக்கணும், நான் வண்டில லோடு ஏத்திட்டு இருப்பேன். சரி ப்ரவுசர்ல வந்துட்டா அவங்களே பாத்துப்பாங்கன்னு ஆள் தேடினேன்.

வேளச்சேரி பக்கம் ஆபீஸ், மொத்தமே ரெண்டு பேர், பேரு வேணாம். வந்த பையன் "சார் உங்க ஃபார்ம், ரிப்போர்ட் எல்லாம் அப்படியே ப்ரவுசர்ல வரும், பத்து நாள் போதும்"னான். 90 ஆயிரம், பாதி அட்வான்ஸ். நம்பினதுக்குக் காரணம் அவன் காட்டின ஒரு வீடியோ, அதுல ஆக்சஸ் ஆப் நெஜமாவே ப்ரவுசர்ல ஓடுது. வீடியோ பொய் இல்லங்க. ஆக்சஸ் 2013ல வெப் ஆப்னு ஒண்ணு இருந்துச்சு, ஆபீஸ் 365ல அதை 2018 ஏப்ரல்லயே மூடிட்டாங்க. அது உயிரோட இருந்தப்பவே நம்ம டேபிளை, அதாவது டேட்டா இருக்கற பட்டியலை மட்டும்தான் உள்ள இழுத்துக்கும், ஃபார்மைப் புதுசா செய்யணும், ஆக்சஸுக்குள்ள எழுதற விபிஏ கோடு அதுல ஓடவே ஓடாது. இதெல்லாம் எனக்குப் பணம் போன அப்புறம் தெரிஞ்சுது.

பத்தாவது நாள் லிங்க் வந்துச்சு. திறந்தா அச்சு அசலா நம்ம சித்தப்பா ஃபார்ம், அதே மஞ்சக் கலர் பட்டன். சந்தோஷத்துல அண்ணிக்கும் அனுப்பினேன், அவங்க உள்ள வந்தாங்க, நான் வெளிய வந்து விழுந்தேன். திரும்ப நான் போனா அவங்க விழறாங்க. கேட்டா "நெட் ஸ்லோ சார்". அடுத்த ஞாயித்துக்கிழமை லிங்கே திறக்கல, எங்க தொழில்ல ஞாயிறு எப்படி இருக்கும்னு சொல்லணுமா? பதினாலு தடவை போன் பண்ணின அப்புறம் எடுத்து தூக்கக் கலக்கத்துல "இன்னிக்கு ஆபீஸ் லீவு சார், பிசி ஆஃப்ல இருக்கும்"னு உளறிட்டான். அப்பதான் புரிஞ்சுது, அவங்க ஆபீஸ் மூலைல கெடக்குற ஒரு பிசில எங்க ஃபைலை வெச்சு ரிமோட் டெஸ்க்டாப்பை, அதாவது அந்த பிசியோட ஸ்க்ரீனை, ப்ரவுசர் வழியா காட்டிருக்கானுங்க. சாதா விண்டோஸ்ல ஒரு நேரத்துக்கு ஒரு ஆள்தான் வேலை செய்ய முடியும். ரிமோட்ல குடுக்கறதே தப்புன்னு சொல்ல வரல, முன்னாடியே சொல்லிட்டு, விண்டோஸ் சர்வர் போட்டு, ஆளுக்கு இத்தனைன்னு லைசன்ஸ் வாங்கிக் குடுத்தா அது ஒரு வழிதான். அதனால யாரு வந்தாலும் "ஃபைல் எந்த மெஷின்ல இருக்கும், அந்த மெஷின் யாரோடது, ரெண்டு பேர் ஒண்ணா லாகின் பண்ணிக் காட்டு"ன்னு முதல்லயே கேட்டுடுங்க.

சண்டை போட்டதுல "சரி சார் பிஎச்பில மாத்தித் தர்றோம்"னு (பிஎச்பிங்கறது வெப்சைட் எழுதற மொழி) மூணு வாரத்துல வேற ஒண்ணைக் குடுத்தான். இதுலதான் பெரிய கூத்து. அப்பா ஸ்க்ரீனைப் பாத்துட்டு "ஏண்டா, ஆகஸ்ட் 9ல நாலு கல்யாண புக்கிங் காட்டுது, ஆடி மாசத்துல எவன்டா கல்யாணம் வெக்கிறான்?"னாரு. எடுத்துப் பாத்தா அது செப்டம்பர் 8. 08/09ன்னு நாம நாள் முதல்ல எழுதறதை பிஎச்பி அமெரிக்கா கணக்குல மாசம் முதல்ல படிச்சிருக்கு. சரி, 21/09 என்னாச்சு? 21வது மாசம் கெடையாதே, அதெல்லாம் மொத்தமா கம்ப்யூட்டர் தேதி எண்ண ஆரம்பிக்கிற 1970 ஜனவரி 1ல போய் குவிஞ்சிருக்கு. எங்க கடையே அப்ப கெடையாது!

பேரெல்லாம் கேள்விக்குறி. அப்பா தமிழ்லதான் டைப் பண்ணுவாரு, இவன் போட்ட டேட்டாபேஸ்ல தமிழ் ஏறுற மாதிரி செட்டிங்கே இல்ல, மாணிக்கம்னு இருந்த இடத்துல ஒன்பது கேள்விக்குறி. "எண்ணிப் பாத்து பார்ட்டியக் கண்டுபிடிக்கணுமாடா"ன்னாரு. கேள்விக்குறியா சேவ் ஆனது திரும்ப தமிழா வராது, நல்லவேளை பழைய ஃபைல் பென்டிரைவ்ல இருந்துச்சு. ஆனா புதுசுல மட்டும் ஏத்தின பதினோரு புக்கிங் போனதுதான், அதுல ஒரு பார்ட்டி முதல் நாள் சாயந்திரம் டெம்போவோட வந்து நிக்கிறாங்க, குடோன்ல ஒரு அண்டா இல்ல. பக்கத்துக் கடைல டபுள் ரேட்டுக்கு எடுத்துக் குடுத்தேன்.

இப்ப வேற ஒருத்தர் பாக்கறாரு. டேபிளை மட்டும் எஸ்க்யூஎல் சர்வர்ங்கற பெரிய டேட்டாபேஸுக்கு மாத்தி (மைக்ரோசாஃப்ட்ல அதுக்கு இலவச டூலே இருக்கு) ரெண்டு கடையிலயும் பழைய ஆக்சஸ் ஃபார்மையே அதோட இணைச்சுக் குடுத்துட்டாரு. ப்ரவுசர்ல வேணும்னா பதினாலு ஃபார்மையும் ஒண்ணொண்ணா புதுசா எழுதணும், மாசக்கணக்காகும்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. இதுவரைக்கும் புக்கிங் ஃபார்ம் ஒண்ணு முடிஞ்சிருக்கு.

பழைய ஆள் அட்வான்ஸ் திருப்பித் தரல. கடைப் பேரை வெச்சு வாங்கின டொமைனும் (வெப்சைட் அட்ரஸ்) அவன் பேர்லதான் இருக்கு, மாத்தித் தர 15 ஆயிரம் கேக்கறான், வக்கீல் நோட்டீஸ் போயிருக்கு. அந்த அட்ரஸைப் போட்டு பில் புக் ஐந்நூறு அடிச்சு வெச்சிருந்தேன், அண்ணி பம்மல்ல உக்காந்து ஸ்கெட்ச் பேனால ஒவ்வொரு பில்லா அடிச்சிட்டு இருக்காங்க.