வில்லால் மீன் பிடிக்கக் கிளம்புகிறீர்களா? அம்பின் பின்முனையில் நூல் கட்டித் தந்தால் வாங்காதீர்கள்

தலைப்பில் இருப்பதுதான் முக்கியமான விஷயம். மீதியைப் படிக்க நேரமில்லை என்றாலும் அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் இடது கன்னத்தில் நான்கு தையல் போட்ட பிறகுதான் எனக்கு இது தெரிந்தது.

நான் ஹூஸ்டனில் இருக்கிறேன். போன வசந்தத்தில் லேக் லிவிங்ஸ்டனுக்குப் போயிருந்தபோது, முட்டையிட ஆழமில்லாத கரையோரத்துக்கு வந்த கெண்டை மீன்களைச் சிலர் வில்லால் அடித்துப் பிடிப்பதைப் பார்த்தேன். அன்றே ஆசை வந்துவிட்டது. அடுத்த வாரமே வேட்டைச் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போய், எனக்கு எதுவும் தெரியாது, முதல் தடவை வாங்குகிறேன், மீனுக்கு மட்டும்தான் வேண்டும் என்று மூன்றையும் தெளிவாகச் சொன்னேன். கடைக்காரர் பல வருடமாக மான் வேட்டைக்குப் போகிறவர், அவருக்குத் தெரியாததா என்று நம்பினேன். வில், ரீல் (அடித்த மீனை இழுக்க அம்போடு கட்டும் நூலைச் சுற்றிவைப்பது), அம்பு எல்லாம் சேர்த்து 540 டாலர் வாங்கிக்கொண்டு அவர் கொடுத்தது, 60 பவுண்ட் இழுவிசை உள்ள, மான் வேட்டைக்கான பழைய காம்பவுண்ட் வில், அதாவது இரு முனையிலும் சக்கரம் வைத்த வில்.

அது ஏன் தப்பு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. மானுக்காகக் காத்திருப்பவர் நாணை முழுதாக இழுத்துப் பிடித்தபடி அசையாமல் நிற்க வேண்டும், அதனால் கடைசிவரை இழுத்ததும் கையில் தாங்கும் பாரம் பெரிய அளவில் குறைகிற மாதிரி அந்த வில்லைச் செய்திருப்பார்கள். இதை லெட்-ஆஃப் என்பார்கள். 80 சதவீதம் என்றால் 60 பவுண்ட் வில்லை 12 பவுண்டில் பிடித்துக்கொண்டு நிற்கலாம். ஆனால் மீன் அப்படிக் காத்திருக்க விடாது. தண்ணீருக்குள் மங்கலாக ஒரு நிழல், இரண்டு மூன்று விநாடி, அவ்வளவுதான், பல நேரம் பாதி இழுத்த நிலையிலேயே விட்டாக வேண்டும். என் வில்லில் அந்தப் பாதி தூரத்தில்தான் பாரம் உச்சத்தில் இருந்தது, கை நடுங்கும், அம்பு எங்கேயோ போகும். ஒரு மணி நேரத்தில் தோள் விட்டுப்போயிற்று. அதுவும் போக, அந்த வில் 30 அங்குல இழுப்புக்கு, அதாவது நாணை அவ்வளவு தூரம் இழுக்கிற மாதிரி, அமைக்கப்பட்டிருந்தது. இரண்டு கையையும் விரித்து விரல் நுனிக்கு நுனி அளந்து 2.5 ஆல் வகுத்தால் நமக்கான இழுப்பு நீளம் ஏறக்குறைய கிடைத்துவிடும், எனக்கு 68 அங்குலம், அதாவது 27 சொச்சம். கடைக்காரர் டேப்பைக் கையில் எடுக்கவே இல்லை.

சரி, இதெல்லாம் பணத்தோடும் தோள்வலியோடும் போயிருக்கும். நூல் விஷயம் அப்படி இல்லை.

அம்பின் பின்பக்கத்தில் ஒரு துளை இருந்தது, ரீலிலிருந்து வரும் நூலை அதிலேயே முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். அப்படிக் கட்டினால் நூல் நாணுக்குப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும். மூன்றாவது முறை போனபோது அது வில்லின் சக்கரத்தில் சுற்றியிருந்ததை நான் கவனிக்கவில்லை. விட்டேன். அம்பு ஒரு கை நீளம் போயிருக்கும், நூல் இறுகி ரப்பர் மாதிரி சுண்டி, பின்முனை நேராக என் முகத்துக்கே திரும்பி வந்தது. கண்ணாடி உடைந்தது. கண் தப்பித்தது அந்தக் கண்ணாடியால்தான். அதுவும் தண்ணீரின் பளபளப்பு தெரியாமல் இருக்கப் போட்டிருந்த போலரைஸ்டு கண்ணாடி, பாதுகாப்புக்கென்று போட்டதுகூட இல்லை.

இதற்கென்றே சேஃப்டி ஸ்லைடு என்று சில டாலருக்கு ஒரு சின்னத் துண்டு விற்கிறார்கள். நூலை அதில் கட்டி, அதை அம்பின் முன்பகுதியில், நாணுக்கு வெகு முன்னால் நிறுத்திவைக்க வேண்டும். அம்பு பாயும்போது அது வழுக்கிக்கொண்டு பின்முனைக்குப் போய் அங்கே தடுப்பில் நின்றுவிடும், நூல் நாண் பக்கமே வராது. இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை அந்த மனிதர். தையலோடு போய்க் கேட்டதற்கு, பழைய ஆட்கள் எல்லாரும் இப்படித்தான் கட்டினார்கள், பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார். கோபத்தைவிட எனக்குப் பயம்தான் அதிகம் வந்தது, அடுத்து வாங்கப்போவது ஒரு சின்னப் பையனாக இருந்தால்?

இன்னொன்று. ராத்திரி விளக்கு போட்டுக்கொண்டு போனால் ஆளுயர அலிகேட்டர் கார் (முதலை மாதிரி நீண்ட வாயுள்ள பெரிய மீன்) அடிக்கலாம் என்று ஆசை காட்டினார். டிரினிட்டி ஆற்றில் லேக் லிவிங்ஸ்டன் சேர்ந்த பகுதியில் 48 அங்குலத்துக்கு மேலான அலிகேட்டர் காரைச் சிறப்பு அனுமதி இல்லாமல் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. டெக்சாஸ் விதிப்புத்தகத்தில் தெளிவாகவே இருக்கிறது. கெளுத்தி, பாஸ் போன்ற மீன்களை எந்த நேரத்திலும் வில்லால் தொடக்கூடாது. கடைக்காரர் சொன்னதைக் கேட்டுப் போயிருந்தால் அபராதமும் கட்டியிருப்பேன்.

இப்போது என்னிடம் இருப்பது பி.எஸ்.இ. நிறுவனத்தின் கிங்ஃபிஷர், 40 பவுண்ட் ரிகர்வ் வில், அதாவது சக்கரமில்லாமல் முனைகள் வெளிப்பக்கம் வளைந்த வில். எவ்வளவு இழுத்தாலும், எங்கே விட்டாலும் வேலை செய்கிறது. பாட்டில் மாதிரி டப்பாவிலிருந்து நூல் தானாக ஓடும் பாட்டில் ரீல், 200 பவுண்ட் பின்னல் நூல், இறகில்லாத கனமான ஃபைபர்கிளாஸ் அம்பு, நாணில் விரல் வைக்கும் இடத்தில் ரப்பர் உறை. அப்புறம் அந்த ஸ்லைடு. மீன் தெரியும் இடத்துக்குக் கீழேதான் குறி வைக்க வேண்டும், ஒளி விலகலால் மீன் இருப்பதைவிட மேலே தெரியும். பத்தடி தூரத்தில் ஓரடி ஆழம் என்றால் நாலு அங்குலம் கீழே என்று ஏரிக்கரையில் ஒருவர் சொல்லிக்கொடுத்தார், முதல் கெண்டை அன்று மாலையே கிடைத்தது.

பழைய வில்லை ரீலைக் கழற்றிவிட்டு மான் வேட்டைக்குப் போகும் ஒருவருக்கே பாதி விலைக்குக் கொடுத்தேன். அம்பையும் சேர்த்துக் கேட்டார். கொடுக்கவில்லை, வீட்டில் ரம்பத்தால் இரண்டாக அறுத்துக் குப்பையில் போட்டுவிட்டேன்.