லென்ஸ் பரிசோதனைப் பெட்டி: லென்ஸ் அருமை, பலகைதான் குட்டை

அக்கா மகளுக்காக வாங்கிய பெட்டி இது. ஒரு மீட்டர் அளவுகோல் ஒட்டிய பலகை, நகரும் தாங்கிகள், அம்புக்குறி வெட்டிய எல்இடி விளக்கு, வெள்ளைத் திரை, 10, 20 செ.மீ. குவியத் தொலைவுள்ள இரண்டு குவிலென்ஸ்கள், 15 செ.மீ. குழிலென்ஸ் ஒன்று. குவிலென்ஸ் ஒளியைக் குவிக்கும், குழிலென்ஸ் விரிக்கும். தூரத்திலிருந்து வரும் ஒளியைக் குவிலென்ஸ் எவ்வளவு தள்ளிக் குவிக்கிறதோ அதுதான் அதன் குவியத் தொலைவு.

20 செ.மீ. லென்ஸ்தான் இதில் ராஜா. விளக்குக்கும் திரைக்கும் நடுவே 90 செ.மீ. விட்டு லென்ஸை மெதுவாக நகர்த்துங்கள். விளக்கிலிருந்து 30 செ.மீ.யில் இருமடங்குப் பெரிய தலைகீழ் அம்பு பளிச்சென்று விழும். அப்புறம் மங்கிப் போகும். 60 செ.மீ.யில் மறுபடி தெளியும், இம்முறை பாதி அளவில். அளவுகோலில் படித்த எண்கள், பொருளின் தூரம், பிம்பத்தின் தூரம், குவியத் தொலைவு மூன்றையும் இணைக்கும் லென்ஸ் சூத்திரத்தோடு ஒத்துப்போவதால், லென்ஸில் எழுதியிருக்கும் குவியத் தொலைவை நம்பலாம்.

லென்ஸின் பாதியை அட்டையால் மறைத்தால் அம்பும் பாதியாகும் என்று பெண் அடித்துச் சொன்னாள். முழு அம்பும் நின்றது, வெளிச்சம் மட்டும் குறைந்தது. அம்பின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளி லென்ஸ் முழுக்கப் படுகிறது. மறைக்காத பாதியே அதை உரிய இடத்தில் சேர்த்துவிடும். இந்த ஒரு சோதனைக்காகவே பெட்டியை வாங்கலாம்.

கையேடு சுமார். கதிர் லென்ஸின் நடுக்கோட்டில் ஒரே தடவை வளைவதுபோல் படம் போட்டிருக்கிறார்கள். உள்ளே நுழையும்போதும் வெளியே வரும்போதும் என்று இரு முறை விலகுகிறது. லென்ஸ் மெல்லியது என்பதால் இரண்டையும் ஒன்றாக வரைகிறோம். அதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

என் பெரிய புகார் வேறு. 10 செ.மீ. குவிலென்ஸோடு குழிலென்ஸை ஒட்டிவைத்துத் திரையில் அம்பைப் பிடி என்கிறது கையேடு. இரண்டும் சேர்ந்தால் குவியத் தொலைவு 30 செ.மீ. பொருளுக்கும் திரைக்கும் இடையே அதில் நான்கு மடங்காவது, அதாவது 120 செ.மீ., இல்லாமல் தெளிவான பிம்பம் திரையில் விழாது. ஒரு மீட்டர் பலகையில் எங்கே போவது? பெட்டியைத் தயாரித்தவர்கள் இதைச் செய்து பார்த்த மாதிரி தெரியவில்லை.

இந்த ஜோடியைச் சோதிக்க வேறு வழி உண்டு. விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் இருக்கும் மரத்தை நோக்கி லென்ஸ் ஜோடியைத் திருப்புங்கள். ஜோடிக்குப் பின்னால் 30 செ.மீ.யில் திரையை வைத்தால் மரம் தலைகீழாக வந்து நிற்கும். குழிலென்ஸை 20 செ.மீ. லென்ஸோடு மட்டும் சேர்க்க வேண்டாம். விரிக்கும் திறன் மிஞ்சிவிடுவதால் திரையில் எதுவும் விழாது.